முதல் தடவைதான், டாக்டர்

முதல் தடவை என்று சொன்னாரே. கண்ணை மூடித்தானே கிடந்தேன், காதையுமா மூடிக்கொண்டேன்?

ஞானசெல்விக்கு அந்த நினைப்பு விடவில்லை. பக்கத்தில் கணவர் ஜெபசிங். சனிக்கிழமைதோறும் சங்கரன்கோவிலுக்கு வரும் நரம்பு டாக்டருக்காக இருவரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஆறு மாதமாக அவளுக்கு மறதி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு சர்ச்சுக்குப் போய்விடுகிறாள். மருமகள் பெயர் நாக்கு வரை வந்து திரும்பிவிடுகிறது.

ரத வீதியில் அவர்களுடைய மருந்துக்கடை. இருபத்தாறு வருஷம் அதில் நின்றாள். கடையில் கழிப்பறை கிடையாது. வீட்டுக்குப் போய்வந்தால் வியாபாரம் கெடும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். அடிக்கடி சிறுநீர் போகையில் எரியும், குளிர் நடுக்கும். ஜெபசிங் அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டுவார். எரிச்சல் நின்றதும் மாத்திரை போதும் என்பார். டாக்டரிடம் போகலாமா என்று ஒருமுறை கேட்டாள்.

"மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டி டோக்கன் போட்டு உக்காந்தா ஊரு சிரிக்காதா?" என்றார்.

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இப்போது அவளை அறுத்தது.

போன சித்திரையில் காய்ச்சலில் மூன்று நாள் பிதற்றினாள். மூன்று நாளும் கடை மாத்திரைதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நீர்ப்பாதைக் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. இதற்கு முன்னால் நீர்த்தொற்று வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். "முதல் தடவைதான், டாக்டர்" என்றார் ஜெபசிங், அவள் கையைத் தடவிக்கொண்டே.

இப்போது அவர் அவள் காதுப்பக்கம் குனிந்தார்.

"ஏட்டி செல்வி, உள்ள கேட்டா, உங்க அம்மைக்கும் மறதி இருந்துச்சுன்னு சொல்லிரு. அதோட முடிஞ்சிரும், பழைய மாத்திரைக் கதையெல்லாம் கேக்க மாட்டாங்க."

"எங்க அம்மைக்கா?"

"செத்தவங்களுக்கு என்ன வந்துரப் போவுது? எனக்குக் கடை இருக்கு, பேர் இருக்கு. ஊரே என்னைய டாக்டர் அண்ணாச்சின்னுதான கூப்பிடுது."

அம்மா சாவதற்கு முந்தின நாள், அடுத்த வீட்டுக்காரி இரவல் வாங்கிப்போன இட்லிக் கொப்பரையைத் திருப்பி வாங்கச் சொன்னவள். மூடியோடு வாங்கு என்றும் சொன்னவள்.

உள்ளே டாக்டர் அஃப்ரோஸ் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சின்ன வயசு, கடையநல்லூர்ப் பெண்.

"பெரிய தொற்று வந்தவங்களுக்குப் பின்னால மறதி நோய் வர வாய்ப்பு கூடுதுன்னு ஆய்வுகள் சொல்லுதும்மா. உங்களுக்கு அதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. எல்லாத்தையும் கேட்டுத்தான் பாக்கணும். குடும்பத்துல யாருக்காவது மறதி இருந்துச்சா?"

மேஜைக்கடியில் ஜெபசிங்கின் முழங்கால் அவள் முழங்காலை இடித்தது. ஆஸ்பத்திரியில் கையைத் தடவியபோது இருந்த அதே சூடு.

டாக்டரின் பேனா காத்திருந்தது.

ஞானசெல்வி காலை நகர்த்திக்கொண்டாள்.

"இல்ல டாக்டர். எங்க அம்மை கடைசி வரைக்கும் தெளிவாத்தான் இருந்தா."