பின்சக்கர அழுத்தம்

…அறுநூற்றைம்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறதே முள், முன்சக்கரத்துக்குத் தொள்ளாயிரமாவது வர வேண்டும், பின்சக்கரத்துக்கு நானூறு, போன மாதம்வரை ஒரே மிதியில் கொண்டுவந்து நிறுத்திய கால்தானே இது, என்ன ஆயிற்று இதற்கு… சக்கரங்களைக் கழற்றிய ரேஸ் காரின் பக்கத்தில் பிரேம்சிங் குத்தவைத்திருந்தான். முன்பிரேக்கிலிருந்து ஒரு ஹோஸ் குழாய், பின்பிரேக்கிலிருந்து ஒன்று, இரண்டின் நுனியிலும் மாட்டிய, அழுத்தம் காட்டும் கேஜ்கள் அவன் முன்னால் தரையில் கிடந்தன. உள்ளே சீட்டில் யோகலட்சுமி. திறந்த கதவு வழியாகப் பெடல்மீது வைத்த அவளுடைய வலது கால் மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. மூன்று வருடமாக அவன் கட்டிய காரை அவள்தான் ஓட்டுகிறாள், மூன்று வருடமாக இந்தக் காலைப் பார்த்து அவன் எண்களைச் சொல்கிறான், பக்கத்து ஷெட்டில் தறிகள் ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டும், யோசித்துப் பார்த்தால் எண்களைத் தவிர அவளிடம் வேறு என்ன பேசியிருக்கிறோம்… இன்னும் அமுக்கவா என்றாள், அமுக்கு என்றான், முள் அசைந்து பழைய இடத்துக்கே வந்தது.

பயந்த கால். பயப்படாமல் என்ன செய்யும்? கோயம்புத்தூரில் போன மாதம் பந்தயத்தன்று காலையில் அவள் வந்து, ஒரு கம்பெனி டீமில் கூப்பிடுகிறார்கள், அங்கேயே தங்கி ஓட்டணுமாம் என்றாள், அவன் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வின் நாபைத் திருப்பிக்கொண்டிருந்தான், நல்லதுதானே என்றான், வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கக் கை அதன் பாட்டுக்குத் திருப்பிக்கொண்டே போயிற்று, ஒரு சுற்றா, ஒன்றரையா, எண்ணவில்லை, அவள் இல்லாத இந்த ஷெட் எப்படி இருக்கும் என்பதைத்தான் அந்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்… மத்தியானம் பந்தயம் முடிகிற கால் மைல் கோட்டைத் தாண்டி அவள் பிரேக்கை மிதித்ததும் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வால் வீசி, கார் இரண்டு சுற்றுச் சுற்றி டயர் சுவரில் போய் மோதியது. ஓடிவந்தவர்களிடம் தோளைப் பிடித்துக்கொண்டே, என் கால்தான் அவசரப்பட்டுட்டு என்றாள். தண்ணீர்ப் பாட்டிலோடு நின்ற அவன் தலையாட்டினான், ஆமாம், ஆட்டினான்… ஊருக்கு வந்து அவள் அப்பா வெள்ளத்துரையிடமும் அதையேதான் சொன்னாள், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இவன் வாசலில் கிடந்த டிராக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தக் காரில் அவளுக்குக் கடைசி ஓட்டம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுநாள் கோயம்புத்தூருக்குப் போய்விடுவாள். தன்மேல்தான் தப்பு என்று நம்புகிற கால் அரை மிதியோடு கோட்டைத் தாண்டினால் கார் எங்கே போய் நிற்கும்? சொல்லிவிட வேண்டும். சொன்னால், இவன் செட் பண்ணிய பிரேக்கை நம்பி ஏறுவாளா? ஏறவில்லை என்றால் ஞாயிறுவரை மிச்சமிருக்கிற இந்த மூன்று நாளும் போய்விடுமே… சீ, என்ன நினைப்பு இது, ஓர் உயிரைவிடவா மூன்று நாள் பெரிது.

கரண்ட் போனது. அத்தனை தறிகளும் ஒன்றாக நின்றன. காது அடைத்த மாதிரி இருந்தது, புளியங்குடி சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது, தன் மூச்சே தனக்குக் கேட்டது, இப்போது விட்டால் எப்போதும் வராது என்று தோன்றியது.

"யோகா, அன்னைக்குத் தப்பு உன் கால்ல இல்ல. பின்னால நான்தான் கூடுதலா வச்சிட்டேன். எத்தன சுத்து திருப்புனேன்னு எனக்கே தெரியல."

கால் பெடலைவிட்டு நகரவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்," என்றாள், கத்த வேண்டியிராத சாதாரணக் குரலில். "லாரியில ஏத்தும்போதே நாபைத் திருப்பிப் பாத்தேன்."

தெரியுமா… தெரிந்துகொண்டா இத்தனை பேரிடமும், பெற்ற அப்பாவிடமும்… பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கால் இறங்கியது, எண்ணூறு, எண்ணூற்றைம்பது, தொள்ளாயிரத்தில் போய் முள் அசையாமல் நின்றது, பின்னால் நானூற்றிருபது. அவன் எழுந்து கையை உள்ளே நீட்டி நாபைத் திருப்பினான், கால் சுற்று, வாய்விட்டு எண்ணிக்கொண்டே. மறுபடி வந்து குனிந்தான், நானூறு, வந்துட்டு என்றான். தோளில் கட்டோடு ஒரு மாதம் தினமும் எதிரே வந்து நின்றிருக்கிறாள், எண்ணைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள், இந்த ஒரு வார்த்தைக்காக இருந்திருக்கிறாள். இது ஒரு மாதம். அதற்கு முந்தைய மூன்று வருடம்? அப்போதும் எதையாவது இவன் சொல்லுவான் என்று இருந்தாளோ, அல்லது இதுவும் தன் ஆசைதானோ, யாரிடம் கேட்பது இதை…

"பெடலை விடவா?" என்றாள் உள்ளிருந்து.

இரண்டு முள்ளும் சரியான இடத்தில்தான் நின்றன, பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை.

"கொஞ்சம் இரு," என்றான்.