பெரிய லென்ஸுக்கு ஒரு தாங்கி

டாக்ஸியிலிருந்து லென்ஸ் பையை இறக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் சும்மாவா? கேமராவும் பையுமாகச் சேர்ந்தால் ஆறு மாதப் பிள்ளையைத் தூக்குகிற கனம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எதிர்வரிசையைக் கவனித்தாள். சலவைக்கடை போய்விட்டிருந்தது. பழைய நீலப் பலகையை அப்படியே வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். இப்போது அது மெத்தைக் கடை. இருபத்தைந்து வருடமாக இருந்த கடை, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. கணவரிடம் சொல்லலாம் என்று திரும்பினால், மனிதர் அதற்குள் கேமராக் கடையின் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார். சுவரைத் தடவிக்கொண்டு ஏறினார். முழங்கால் வலி என்று சொல்லி மூன்று மாதமாகிறது, காரை ஓட்டாமல் விட்டும் அதே மூன்று மாதம்.

பறவைப் படம் எடுக்கிறவர்கள் வட்டத்தில் அவருக்குக் 'கொக்கு' என்று பெயர். தண்ணீர் ஓரத்தில் அசையாமல் நான்கு மணி நேரம் நிற்பார். பக்கத்தில் கேமரா முக்காலியைச் சுமந்துகொண்டு, பிளாஸ்கோடும் நோட்டுப் புத்தகத்தோடும் அவளும் நிற்பாள். அவளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கொக்கோடு நிற்கிறவளுக்குத் தனியாக என்ன பெயர்?

இந்த வருடம் விஷயமே வேறு. நீர்த்தேக்கத்து நடுவில் பட்டுப்போன ஒரு மரத்தில் மீன்கழுகுக் கூடு இருக்கிறது. நான்கு வருடமாகப் பின்தொடர்கிறார்கள். குஞ்சு முதன்முதலாகக் கூட்டை விட்டுக் கிளம்புகிற அந்த ஒரு நொடிதான் வேண்டும். முதல் வருடம் மூடுபனி, இரண்டாம் வருடம் குஞ்சே பிழைக்கவில்லை, மூன்றாம் வருடம் இவருக்குக் காய்ச்சல். இந்த முறை இன்னும் மூன்று வாரத்தில் பறந்துவிடும். ஆனால் ஒன்பது மாதமாக அவர் எடுக்கிற ஒரு படமும் தேறவில்லை. நாணல் தெளிவாக இருக்கும், பறவை கலங்கியிருக்கும். இல்லாவிட்டால் பறவையின் வால் மட்டும் ஓரத்தில் இருக்கும். "நீயே பாத்துப் பொறுக்கு"என்று கணினி முன்னால் அவளை உட்கார்த்திவிட்டு அவர் பால்கனிக்குப் போய்விடுவார்.

கை ஆட்டம் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். கண்டுபிடிக்காமல் எப்படி இருப்பாள்? முப்பது வருடம் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள். அடிபட்ட கை, வாதம் வந்த கை, கட்டுப் பிரித்த கை என்று எத்தனை ஆயிரம் கைகளைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஒரு மஞ்சள் ரப்பர் பந்தை வாங்கி அவர் கையில் திணித்தாள். காலையில் இருபது, மாலையில் இருபது. பக்கத்தில் நின்று எண்ணுவாள். பதினெட்டில் நிறுத்தினால் விடமாட்டாள். "இன்னும் ரெண்டு"என்பாள். அவரும் மறுபேச்சில்லாமல் அழுத்துவார். பந்து தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. படம் மட்டும் தெளியவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தப் படையெடுப்பு.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். ஃபிலிம் ரோல் காலத்திலிருந்து பழக்கம்.

"வாங்கண்ணே. வாங்க அண்ணி. பையை இப்படிக் குடுங்க. இதையும் நீங்கதான் தூக்கணுமா?"

"தூக்கித் தூக்கி எனக்கே இப்ப தோள் போச்சு"என்றாள். "முதல்ல இவர் கைக்கு ஒரு வழி சொல்லுங்க. அப்புறம் என் தோளைப் பாக்கலாம்."

கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். ஒரு வாரமாகப் படித்து எழுதியது. லென்ஸை முக்காலியில் பூட்டுகிற கால் குட்டையாக இருக்கிறது, அதைக் கழற்றிவிட்டு நீளமான கால் போட வேண்டும். முக்காலிமேல் இப்போதிருக்கும் உருண்டைத் தலை இந்தக் கனத்துக்குச் சரிப்படாது, கிம்பல் தலை வேண்டும். பரிசலில் போகும்போது லென்ஸைக் கிடத்திக்கொள்ள மணல்பை ஒன்று, மழைக்கு உறை ஒன்று.

"அண்ணி பரீட்சைக்குப் படிச்சுட்டு வந்திருக்காங்க"என்று சிரித்தார் கடைக்காரர்.

"இவர் எதையும் படிக்கறதில்லையே. பேப்பரைக் கூடத் தொடறதில்லை. கேட்டா, அதுல என்ன இருக்குன்றார். சோம்பேறித்தனம் முத்திப்போச்சு."

 அவர் கண்ணாடி அலமாரியில் கையை ஊன்றிக்கொண்டு ஜன்னல் பக்கமாக நின்றிருந்தார்.

கடைக்காரர் கிம்பல் தலையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். ஊஞ்சல் மாதிரி லென்ஸைத் தொங்கவிடுகிற கருவி அது. முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் அவ்வளவு கனமும் ஒற்றை விரலுக்கு அடங்கிவிடும், விட்ட இடத்தில் நிற்கும். அதை மாட்டுவதற்கு முன்னால் கடை முக்காலியில் இருந்த பழைய உருண்டைத் தலையில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே மருந்து கொடுக்க முடியும்.

கணவர் லென்ஸைப் பிடித்தார். கடைக்காரர் கேமராவின் பின்திரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நெற்றியைச் சொறிந்தார்.

"அண்ணி, ஆட்டமே இல்லையே. கல்லு மாதிரி பிடிச்சிருக்கார்."

"ஒன்பது மாசமா பந்து அழுத்தறார். சும்மா போகுமா?"என்றாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

"அப்படின்னா கோளாறு வேற எங்கயோ இருக்குது. பறவையை ஃப்ரேமுக்குள்ள பிடிக்கறது கஷ்டமா இருக்காண்ணே? டாட் சைட் ஒண்ணு வந்திருக்கு. கேமராமேல மாட்டிக்கிட்டா போதும். சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளியைப் பறவைமேல வெச்சா..."

"அது வேண்டாம்."

அவர் அப்படி வெடுக்கென்று பேசுகிற ஆளே இல்லை. கடைக்காரர் உருண்டைத் தலையைக் கழற்றிவிட்டுக் கிம்பல் தலையை மாட்டினார்.

"சரி, போர்டைப் பாத்துடலாம்"என்றார் அவர், குரலைத் தணித்துக்கொண்டு.

அது அவர் வழக்கம். இந்தக் கடையில் எந்த லென்ஸை வாங்கினாலும் ஜன்னல் வழியாக எதிர்க்கடைப் பலகையைத்தான் பார்ப்பார். பெரிய எழுத்தை எவன் வேண்டுமானாலும் படிப்பான், அடியில் இருக்கிற பொடி எழுத்துத்தான் லென்ஸுக்குப் பரீட்சை என்பார். கல்யாணமான புதிதில் அவளை இங்கே கூட்டிவந்தபோதும் சலவைக்கடைப் பலகையின் அந்தப் பொடி வரியைத்தான் காட்டினார்.

கேமராவில் கண்ணை வைத்தார். ஒற்றை விரலால் லென்ஸை மெதுவாகத் திருப்பினார். தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டார். அவளுக்குப் பலகை மாறிய விஷயம் அப்போதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது. மெத்தையைப் பார்த்து என்ன சொல்லப்போகிறாரோ என்று முன்கூட்டியே சிரிப்பு வந்தது.

"பிரமாதம்"என்றார் அவர். "ஒரு எழுத்து பிசிறலை. கறை போகாவிட்டால் பணம் வாபஸ்."

கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

 பேப்பரைத் தொடாதது. காரை விட்டது. லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசாமல் நின்று, அந்த மனிதர் கோபித்துக்கொண்டது. காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியது, அதற்கு அவள் கத்தியது. ஒவ்வொன்றும் அவள் கண்முன்னால்தான் நடந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். முழங்கால், சோம்பல், மறதி, திமிர். கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தவள் ஒரு தடவை முகத்தைப் பார்க்கவில்லை.

"நீயும் பாரேன்"என்று அவர் விலகினார்.

அவள் கண்ணை வைத்தாள். பொடி எழுத்து ஒவ்வொன்றும் கையால் தொடலாம் போலத் தெளிவாக இருந்தது. பத்து வருட உத்தரவாதம். வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தால் மாறிவிடும் என்பது போலப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன, தெரியுதா?"

"தெரியுதுங்க"என்றாள். "கறை போகாவிட்டால் பணம் வாபஸ்."

"நான் சொல்லலை?"

கடைக்காரர் கையிலிருந்த துடைக்கிற துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். கணவர் படியிறங்கப் போனதும் அவள் பக்கமாகக் குனிந்து, "அண்ணி, இது இப்ப வேணுமா? பேசாம வெச்சுட்டுப் போங்களேன்"என்றார்.

"கட்டுங்க"என்றாள். "எழுதிட்டு வந்தது எல்லாத்தையும் கட்டுங்க."

தெருவில் டாக்ஸிக்காகக் காத்து நின்றார்கள். அவள் இரண்டு தோளிலும் பை, கையில் பெட்டி. எதிரேயிருந்து இரண்டு ஆட்கள் தெருவைக் கடந்து வந்தார்கள். "மெத்தை வருது, ஓரம் போங்க, மெத்தை வருது"என்று கத்திக்கொண்டே இவர்களை இடிக்கிற மாதிரி நெருங்கினார்கள். அவர் ஒதுங்கினார்.

"மெத்தையா? எங்கருந்துப்பா?"

"இந்தா, எதிர்க்கடைதான் சார். முன்ன சலவைக்கடை இருந்துச்சே, அது."

ஆட்கள் போய்விட்டார்கள். அவர் எதிர்ப்பக்கம் திரும்பவில்லை. திரும்பி என்ன பிரயோசனம் என்று அவருக்குத் தெரியும். அவள் நின்ற திசையில், அவள் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

"நீயும் படிச்சியே"என்றார்.

அவள் நழுவிய பைப் பட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"அங்கயே புரிஞ்சுபோச்சா?"

"எத்தனை நாளா?"என்று மட்டும் கேட்டாள்.

"ஒன்பது மாசம். ரெண்டு கண்ணுலயும் நடுவுலதான். ஓரத்துல தெரியுது. நீ நிக்கறது தெரியுது, உன் சேலை தெரியுது. முகம் இருக்கற இடத்துல ஒரு அழுக்கு. டாக்டர்கிட்ட தனியா போய்ப் பாத்தேன். திரும்ப வராதுன்னுட்டார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஒன்பது மாசமா என்னைப் பைத்தியக்காரியாட்டம் எண்ண வெச்சீங்களே."

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. ஒன்றுமில்லாத கைக்கு ஒன்பது மாதம் வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

"நீதானே கை ஆடுதுன்னு சொன்ன. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு"என்றார். "கை ஆடுதுன்னா வாங்கறதுக்கு ஒரு சாமான் இருக்கு. பந்து இருக்கு, தாங்கி இருக்கு, மணல்பை இருக்கு. நீயும் ஓடியாடிப் படிச்சு எழுதிட்டு இருந்த. இதுக்கு என்ன வாங்குவ நீ?"

 தெருவென்றும் பார்க்காமல் அழுதாள். இரண்டு தோளிலும் பையை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை. அவர் தடவிப் பார்த்து அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"இப்ப அதுல என்ன எழுதியிருக்கு?"என்று கேட்டார்.

"மெத்தைக் கடை."

"அடியில? பொடி எழுத்துல ஏதாவது இருக்குமே."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். இனிமேல் பொய் சொல்ல முடியாது, உண்மையைச் சொல்லவும் வாய் கூசியது.

"பத்து வருட உத்தரவாதம்"என்றாள்.

"பரவாயில்லையே"என்றார் அவர். "நல்ல மெத்தையா இருக்கும்."

டாக்ஸி வந்தது. கதவை அவள் திறந்துவிட்டாள். தலை இடிக்காமல் இருக்கக் கையை மேலே வைத்தாள். மருத்துவமனையில் எத்தனையோ பேருக்கு வைத்திருக்கிறாள், அவருக்கு வைத்ததில்லை. லென்ஸை இருவருக்கும் நடுவில் கிடத்திக்கொண்டார்கள். புதுத் தாங்கியின் பெட்டி அவள் மடியில் இருந்தது. நீர்த்தேக்கம் என்றோ, குஞ்சு என்றோ இருவரும் பேச்செடுக்கவில்லை. மூன்று வாரத்தில் அது பறந்துவிடும், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும்.

பாதி வழியில் அவர் சட்டைப் பையில் கைவிட்டு அந்த மஞ்சள் பந்தை எடுத்தார். மாலை வேளையாகிவிட்டது, கை பழகிப்போய்விட்டது. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுத்த ஆரம்பித்தார். அவள் தடுக்கவில்லை. வாய்க்குள்ளேயே எண்ணினாள். பதினாறு, பதினேழு, பதினெட்டு. அங்கே அவர் நிறுத்திவிட்டார். பந்தைப் பிடித்த கை மடியில் ஆடாமல் அசையாமல் கிடந்தது.

அவள் வேறு என்ன சொல்வதென்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னும் ரெண்டு"என்றாள்.

அவர் அழுத்தினார்.