ராசுவுக்குச் சின்னராசு என்ன முறை?

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற செந்தமிழ்ச்செல்வி, டிராக்டர் மெக்கானிக் பகலவனைத்தான் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். வீட்டில் மறுக்க ஒரு காரணமும் இருக்காது என்று நினைத்தாள். அவள் அப்பா நாராயணசாமி களமருதூரிலிருந்து பஸ் ஏறி, மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"அவன் நம்ம பங்காளி வூட்டுப் பையன். உனக்கு அண்ணன் முறை ஆவுது. இந்தப் பேச்சை இத்தோட வுட்டுடு."

"ரெண்டு வருஷமா பழகிக்கினு இருக்கிறவன், இன்னிக்குக் காலையில அண்ணனாயிட்டானா?" என்றாள் செல்வி.

நாராயணசாமி பீரோவிலிருந்து பழைய பட்டாவை எடுத்துக் காட்டினார். களமருதூர் ஏரிக்கரையில் இருக்கும் அவர்கள் நிலம் ஒரு காலத்தில் இரண்டு பேர் பெயரில் கூட்டாக இருந்தது. ராசு, சின்னராசு. ராசு அவருடைய தாத்தா. சின்னராசு, பகலவனின் அப்பா அறிவுச்செல்வனுக்குத் தாத்தா. கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் சின்னராசு குடும்பத்தோடு மலையடிவாரத்துக்குப் போய்விட்டார். பிறகு சாவுச் சேதி சொல்லி அனுப்புவதோடு சரி. அந்தத் தலைமுறையோடு அதுவும் நின்றுபோனது.

"பேரைப் பாத்தாலே தெரியலியா? பெரியவன் ராசு, சின்னவன் சின்னராசு. கூடப்பொறந்தவங்க."

பகலவன் போனில் அழாத குறையாகப் பேசினான். "எங்கப்பாவும் அதையேதான் சொல்றாரு, செல்வி."

"உங்க குலதெய்வம் எது?"

"பச்சையம்மன். வெள்ளிமலை தாண்டிப் போவணும். இன்னாத்துக்குக் கேக்கற?"

செல்வியின் குடும்பம் கும்பிடுவது ஊர் எல்லையில் இருக்கும் ஐயனாரை. அண்ணன் தம்பி என்றால் குலதெய்வம் எப்படி இரண்டாக இருக்கும்? இது அவள் மனதில் முள்ளாகத் தைத்தது. மறுநாளே லீவு போட்டுவிட்டு, அந்த நிலம் வாங்கிய பத்திரத்துக்கு நகல் கேட்டுப் பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்தாள். நாலைந்து தடவை நடையாய் நடந்த பிறகு நகல் கைக்கு வந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தாள்.

'கச்சிராயபாளையம் காத்தான் குமாரன், மாட்டு வியாபாரம் சின்னராசு. களமருதூர் அய்யாக்கண்ணு குமாரன், விவசாயம் ராசு. ஆக நாங்கள் இருவரும்...'

மலையடிவாரத்திலிருந்து காளைகளை ஓட்டிக்கொண்டு சந்தை சந்தையாக வந்த ஒரு வாலிபன் அவள் கண்முன் வந்து நின்றான். இவ்வளவு தூரம் வந்தவன் ஏன் களமருதூரில் தங்கினான்? எந்த உரிமையில் ராசுவோடு சேர்ந்து நிலம் வாங்கினான்?

நாராயணசாமி நகலைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "அப்பன் வேற வேற, சரி. ஆத்தா ஒருத்தியா இருந்தா? அய்யாக்கண்ணு செத்தப்புறம் அந்தம்மா காத்தானைக் கட்டிக்கினு இருந்தா? ஒரு வயித்துப் புள்ளைங்கதான?"

செல்வி நகலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; அதில் ஆத்தா பெயர் எங்கும் இல்லை.

ஆடியில் பச்சையம்மனுக்குப் பொங்கல் வைக்க அறிவுச்செல்வன் குடும்பம் மலைக்குப் புறப்பட்டது. விட்டுப்போன பங்காளி வீடாயிற்றே என்று நாராயணசாமியையும் அழைத்தார்கள். அவர் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மலைப்பாதையில் ஜீப் வளைந்து வளைந்து ஏறியது. "சித்தப்பாவுக்குத் தண்ணி குடும்மா" என்றார் நாராயணசாமி, வேண்டுமென்றே. செல்வி அறிவுச்செல்வனிடம் பாட்டிலை நீட்டினாள். முறை சொல்லி மட்டும் கூப்பிடவில்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பகலவன் திரும்பியே பார்க்கவில்லை.

கோயிலில் பெண்கள் அடுப்பு மூட்ட, செல்வி உபயப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே சுற்றினாள். மணியில் பெயர், அண்டாவில் பெயர், டியூப் லைட்டில்கூட பெயர். எல்லாம் நேற்று வந்தவை. சாமிக்கு எதிரே இருந்த விளக்குக்கல் மட்டும் பழையது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மொத்தமும் கரிக்கட்டையாக இருந்தது. பக்கவாட்டில் விரலை ஓட்டினாள். பள்ளம் தட்டியது.

அடுப்புச் சாம்பலை அள்ளி, தேங்காய் நாரால் தேய்த்தாள். வளையல் உடைந்தது, கவனிக்கவில்லை. 'களமரு' என்ற எழுத்துகள் வெளியே வந்ததும் நாரைக் கீழே போட்டாள். மேலே தேய்க்காமல் கத்தினாள்.

"அப்பா! நீயே வந்து தேய். நீயே படி. அப்புறம் நான் எழுதிட்டேன்னு சொல்லுவ!"

நாராயணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். தண்ணீர் ஊற்றித் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். சுற்றிலும் எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"களமருதூர்... அய்யாக்கண்ணு மகள்... தைலம்மாள். அவள் புருஷன்... காத்தான் மகன் சின்னராசு. மைத்துனன்..." அவர் அந்த எழுத்துகளை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். "மைத்துனன் ராசு. ஆண் பிள்ளை பிறந்ததற்கு உபயம்."

"தைலம்மா எங்க தாத்தாவைப் பெத்தவங்க!" என்று பகலவன் கூவினான். "எந்த ஊர்ப் பொண்ணுன்னு யாருக்குமே தெரியாது!"

"எங்க ஊர்ப் பொண்ணுடா" என்றார் நாராயணசாமி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க தாத்தாவுக்கு ஒரு கூடப்பொறந்தவ இருந்துக்கிறா. ஒருத்தரும் சொல்லலியே. ஆம்பளைங்க பேரா சொல்லிச் சொல்லி, அவ பேரையே தொலைச்சிட்டோமே."

அறிவுச்செல்வன் கைகொடுத்து அவரை எழுப்பினார். "எழுந்திருங்க மச்சான். பொண்ணு குடுத்த வூட்டுக்காரரு மண்ணுல குந்தலாமா?"

அந்த 'மச்சான்' என்ற சொல்லுக்குக் கோயிலே சிரித்தது. பொங்கல் பொங்கி வழிந்தது. குலவைச் சத்தத்தில் மரத்துக் குரங்குகள் தெறித்து ஓடின. செல்வி சாம்பல் கையோடு போய்ப் பகலவன் முன்னால் நின்றாள். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு வாழை இலையில் பொங்கலை வைத்து, "சாப்பிடுங்க மாமா" என்று முதல் ஆளாக அறிவுச்செல்வனிடம் கொடுத்தாள்.

இறங்கும்போது வெள்ளிமலையில் சிக்னல் வந்ததுதான் தாமதம், நாராயணசாமி போனை எடுத்துவிட்டார். களமருதூரில் ஒரு வீடு பாக்கியில்லை.

"கேட்டுக்கினியா? நான்தான் குந்தித் தேய்ச்சேன். கல்லுல தெளிவா எழுதியிருக்குது. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்திச்சி!"

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

"அட, மாப்ள வூடு ஒண்ணும் அசலாரு வூடு இல்லப்பா," அப்பா அடுத்த ஆளிடம் கத்திக்கொண்டிருந்தார், "நம்ம தைலம்மா வூடு!"