குழாய்க்குள் நின்ற நிலா

இரண்டு மாதமாக ஷோபனாவின் கைப்பேசியில், ஆன்லைன் கடைக் கூடைக்குள், வாங்காத சாமான்கள் சேர்வதும் கலைவதுமாக இருந்தன. காலையில் கோள்களைப் படமெடுக்கும் சின்னக் கேமரா ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். மதியம் யாரோ ஒருவர் அது வேண்டாம், பெரிய கேமராதான் நல்லது என்று பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டு அதை நீக்குவாள். சாயங்காலம் தொலைநோக்கியைத் தானாகவே திருப்பும் கனமான தாங்கி ஒன்று வந்து உட்காரும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அதுவும் போய்விடும். ஏற்கெனவே வாங்கிய தொலைநோக்கி மட்டும் ஆவடி குவார்ட்டர்ஸின் நடைவழியில், போகிறவர் வருகிறவர் முழங்காலை இடித்துக்கொண்டு நின்றது.

அவள் கணவன் இருதயராஜுக்குத் தொழிற்சாலையில் மாற்றல் வரும் என்று பேச்சு. எந்த ஊர், எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஆர்டர் வரட்டும் ஷோபி. போற எடத்துல வாங்கிக்கிடலாம்" என்றான் அவன்.

"வரலன்னா?"

"வரலன்னா இங்கயே வாங்கிக்கிடலாம்."

சொல்லிவிட்டு அவன் குழம்பை ஊற்றிக்கொண்டான். அவளால் அப்படி இருக்க முடியவில்லை. ஜன்னலுக்குத் திரை தைக்கலாமா கூடாதா என்பதுகூட அந்த ஆர்டருக்காகக் காத்துக் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, மேகமில்லாத சாயங்காலம், பொறுக்கமாட்டாமல் டில்லிபாபுவுக்குப் போன் செய்து அவன் கேமராவை இரவல் கேட்டாள். பட்டாபிராமில் கல்யாணப் படம் எடுப்பவன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் பழக்கம்.

"கேமராவ மட்டும் தனியா அனுப்ப மாட்டேன்க்கா. நானும் வர்றேன்" என்றான்.

வந்தவன் மொட்டைமாடியில், லென்ஸைக் கழற்றிய கேமராவை அவள் ஒரு இணைப்பு வளையத்தில் பொருத்தித் தொலைநோக்கியில் மாட்டுவதை, பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்ப்பவன்போலப் பார்த்தான். தலைக்கு மேல் அரை நிலா. திரையில் வெறும் வெள்ளைப் புகை. அவள் தெளிவைச் சரிசெய்யும் குமிழைத் திருகினாள். புகை சுருங்கியது, இன்னும் சுருங்கியது, தெளிவதற்குள் குமிழ் முட்டி நின்றுவிட்டது.

"இன்னாக்கா, மங்கலாவே கீது?"

"இதுக்கு மேல உள்ள போகமாட்டேங்குது."

"நா பூந்தமல்லில ரிசப்ஷனுக்குப் போவணும்க்கா. பொண்ணு மாப்ள மேடையேறிடுவாங்கோ."

அவள் கை தானாகக் கைப்பேசிக்குப் போயிற்று. வேறு கேமரா வாங்கியிருக்க வேண்டும். அந்தச் சின்னதை. இல்லை, வேறு தொலைநோக்கியே வாங்கியிருக்க வேண்டும். விரல் திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. கைப்பேசியைத் தண்ணீர்த் தொட்டி மேல் கவிழ்த்து வைத்தாள்.

கேமராவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பர்ஸில் கிடந்த பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்தாள். கேமரா இருந்த இடத்தில் அதை நீட்டினாள். மங்கலான வெளிச்ச வட்டம் விழுந்தது. டிக்கெட்டை மடித்துக் குழாய்க்குள் இன்னும் கொஞ்சம் தள்ளினாள். வட்டம் குறுகி, ஒரு உளுந்தம்பருப்பு அளவுக்கு, விளிம்பு கத்தியாய், அரை நிலா அந்தத் தாளில் வந்து நின்றது.

டில்லிபாபு குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் ரிசப்ஷன் அவனுக்கு மறந்துவிட்டது.

"நெலா உள்ள நின்னுகினு கீது" என்றான் மெதுவாக.

அதுதான் கோளாறு என்று ஷோபனாவுக்குப் புரிந்தது. நிலா குழாய்க்குள்ளேயே தெளிந்துவிடுகிறது. கேமரா அவ்வளவு உள்ளே போக முடியாது. அப்படியானால் நிலாவை வெளியே கொண்டுவர வேண்டும். பிம்பத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று தொலைநோக்கியோடு இலவசமாக வந்திருந்தது. எல்லோரும் மட்டம் என்று சொன்னதால் பெட்டியிலிருந்து எடுக்காமல் விட்டிருந்தாள். அது பிம்பத்தை வெளியே தள்ளியும் வைக்கும் என்று எங்கோ படித்தது இப்போது ஞாபகம் வந்தது. படியிறங்கி ஓடினாள். மூச்சு வாங்க மேலே வந்து, அதை நடுவில் கோத்துக் கேமராவை மாட்டினாள்.

குமிழைப் பாதி திருகியதும் பள்ளங்கள் தெரிந்தன.

ஆனால் நிலா நிற்கவில்லை. திரையில் மெல்ல நகர்ந்து ஓரத்தில் நழுவிப் போயிற்று. அவள் குழாயைத் திருப்பி இழுப்பாள், ஆட்டம் அடங்கக் காத்திருப்பாள். அதற்குள் மறுபடி நழுவும். "இப்ப" என்பாள். டில்லிபாபு தட்டுவான். பெரும்பாலும் ஆடிப்போனவை. இரண்டு மட்டும் நன்றாக விழுந்தன. அவற்றை அவள் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, கேமராவைப் பையில் வைத்துக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கினான்.

வேலை முடிந்து வந்த இருதயராஜ் அவளைத் தேடி மாடிக்கு வந்தான். படத்தை அவனிடம் காட்டினாள். அவன் இரண்டு விரலால் பெரிதாக்கி, நிழல் விழுந்த ஒரு பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம மாடியிலருந்தா?"

"ம். நிலா நிக்கமாட்டேங்குது. கேமராவெல்லாம் அப்புறம் பார்த்துக்கிடலாம். இது நிலா பின்னாலயே திரும்ப ஒரு மோட்டார்தான் வேணும். சின்னதுதான்." சேர்த்து வைத்திருந்த மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அதை மட்டும் அவன் எதிரிலேயே ஆர்டர் செய்தாள்.

"எந்த அட்ரஸ் குடுத்த?"

"இந்த வீடுதான்."

அவன் குழாயைத் தாங்கியிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்தான். முக்காலித் தாங்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினான். பாதி வழியில் நின்று, "எப்ப வருமாம்?" என்றான்.

"அடுத்த வாரம்."

"சரி. அதுக்குள்ள நம்மள எங்கயும் அனுப்பிர மாட்டாங்க."

குழாயை அணைத்துப் பிடித்தபடி அவள் அவன் பின்னால் இறங்கினாள். மோட்டார் வந்ததும் முதலில் நிலாவா, வியாழனா என்று அதற்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.