பதிலுக்கு முன் ஒரு மூச்சு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு போன் பேச்சிலிருந்து வந்தது. மூன்று நிமிடம்கூட நீளாத பேச்சு. அதன் கடைசியில் என் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. "சரி விடுடா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. நாங்கள் இன்னும் பேசவில்லை.

கேள்வி இதுதான்: "அம்மாவ ஒரு ரெண்டு மாசம் உங்க வீட்ல வெச்சுக்க முடியுமா?"

இதை மறைத்து வைத்து, கடைசிப் பக்கத்தில் எடுத்துக் காட்டி உங்களைத் திடுக்கிட வைக்கலாம்தான். அதற்கெல்லாம் எனக்குத் தெம்பில்லை. அம்மா படுக்கையில் விழுந்து நான்கு வருடமாகிறது. வலது கையும் காலும் வராது. பேச்சு, நாளைக்குப் பத்து வார்த்தை. பார்த்துக்கொள்வது நான் ஒருத்திதான். [எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை. இதைவிடச் சுவாரசியமானது, ஆனால் இன்றைக்கு வேண்டாம்.]

2

மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "பெற்ற தாயை ஏறெடுத்தும் பாராத மகன் ஒருவன் இருந்தான்." படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொய் என்பதுதான் குறை. மாதத்துக்கு ஒருமுறை அவன் வருகிறான், இரண்டு மணி நேரம் பஸ்ஸில். வந்தால் அம்மாவுக்கு நகம் வெட்டிவிடுவான்.

இரண்டாவது: "அவன் கண்களை மூடினான். மூச்சு உள்ளே வந்தது, வெளியே போனது. அந்த இடைவெளியில் அண்டமே அவனுக்குள்—" இதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். அண்டத்துக்கு அவனுக்குள் இடமிருக்காது.

மூன்றாவது, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

எனக்கு வேலை மெய்ப்புத் திருத்துவது. பள்ளிக்கூட வழிகாட்டிப் புத்தகங்களின் அச்சுத்தாள்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். சிவப்புப் பேனாவால் பிழைகளைச் சுழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்தவர் எழுதியதில் ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட என் கண்ணுக்குத் தப்பாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையே நான் ஒன்றைத் தப்பாகப் படித்ததைப் பற்றியதுதான்.

3

தம்பியைப் பற்றி.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். எண்ணெயில் விழுந்த கடுகு போல வெடிப்பான். அந்தக் கோபத்தோடுதான் வேலைக்கும் போனான். போன வருடம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட, உள்ளே மாட்டிக்கொண்ட பெண்மணி கதவைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறார். இவன் வெளியிலிருந்து, "கத்துனா லிஃப்ட் ஓடுமா? வாய மூடுங்க!" என்று கத்தியிருக்கிறான். கதவைத் திறந்தபோது அந்த அம்மாள் மயங்கிக் கிடந்தார். புகார் எழுத்தில் வந்தது. கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை, மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பியது. பத்து நாள் வகுப்பு, போகாவிட்டால் சீட்டுக் கிழியும்.

இந்தப் பெண்மணி இல்லாவிட்டால் கதையே இல்லை என்பதால் அவரைப் பற்றி இன்னும் எழுத நினைத்தேன். அவருக்கு ஒரு மகள், அந்த மகளுக்கு ஒரு— வேண்டாம். அவர் நன்றாக இருக்கிறார். படிக்கட்டில் ஏறிப் போகிறாராம்.

வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: உட்கார். மூக்கு நுனியில் மூச்சு உரசுவதைக் கவனி. மனம் எங்காவது ஓடும், ஓடட்டும். ஓடியது தெரிந்ததும் திட்டாமல் கூட்டிக்கொண்டு வா. கடைசி நாளில் இன்னொன்றும் சொன்னார்களாம்: உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம் பெரிய விஷயமில்லை, எழுந்த பிறகுதான் இருக்கிறது சங்கதி. கதவைத் திறக்கும் முன் ஒரு மூச்சு. கருவியைக் கையில் எடுக்கும் முன் ஒரு மூச்சு. யாருக்காவது பதில் சொல்லும் முன் ஒரு முழு மூச்சு.

தம்பி எதையும் அரைகுறையாகச் செய்கிறவனில்லை. கோபத்தையும் அப்படித்தான் செய்தான்.

4

இதில் பாதி எனக்குப் போன் பேசிய அன்று தெரியாது. வகுப்புக்குப் போனான் என்று தெரியும். அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காருகிறான் என்றும் தெரியும். "குறட்டை வருதா?" என்று கேலி செய்திருக்கிறேன். பதில் சொல்லும் முன் மூச்சு விடுகிற விஷயத்தை மட்டும் அவன் சொல்லவில்லை.

அன்று மதியம் அம்மாவுக்கு இரண்டாம் முறை படுக்கை விரிப்பு மாற்றியிருந்தேன். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. போனை எடுத்து அவனிடம் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று கேட்டேன், மழை பெய்கிறதா என்று கேட்டேன். அப்புறம், பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்பது போல, "சும்மா கேக்கறேன்" என்று தொடங்கி அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு உள்ளே போவது கேட்டது.

அதை நான் பெருமூச்சு என்று படித்தேன். 'ஐயோ, கேட்டுட்டாளே' என்று படித்தேன். நாலு வருடத்தில் முதல் முறையாகக் கேட்டேன், அதற்கு இந்த இழுவையா என்று படித்தேன். ஒரு மூச்சில் இவ்வளவையும் படித்து முடித்து, போனையும் வைத்துவிட்டேன்.

அவன் உடனே இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. "அக்கா கூப்பிடு" என்று செய்தி அனுப்பினான். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.*

* அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

5

இருபது நாள் கழித்துத் தம்பி மனைவி கூப்பிட்டாள். எங்கள் சண்டை அவளுக்குத் தெரியாது. அவள் புலம்பத்தான் கூப்பிட்டாள்.

"இவரோட முடியலக்கா. காபி வேணுமான்னு கேட்டா ஒரு மூச்சு. சட்டைய அயர்ன் பண்ணவான்னு கேட்டா ஒரு மூச்சு. அதுக்குள்ள காபியே ஆறிப்போவுது."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். மொதல்ல நானும், நம்மகிட்ட பேசப் பிடிக்கலபோலன்னு அழுதேன். அப்புறம்தான் சொன்னாரு, வகுப்புல சொல்லிக்குடுத்ததாம்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அவளே இன்னொன்றும் சொன்னாள். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் போன மாதம் லிஃப்ட் நின்றுவிட்டது. [மெக்கானிக் வீட்டு லிஃப்ட் என்றால் அப்படித்தான்.] உள்ளே மாடிவீட்டுக் கணக்கு வாத்தியார். தம்பி கதவோரம் குனிந்து அவரிடம் பேசியதை இவள் படியில் நின்று கேட்டிருக்கிறாள்.

"சார், இப்ப நான் மெயின் ஸ்விட்ச அணைக்கப் போறேன். ஃபேன் நின்னுடும். கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் வராது. பயப்படாதீங்க. நான் எங்கயும் போயிடல, மேல மெஷின் ரூம்லதான் இருக்கேன். அதுவர மூச்ச மட்டும் பாத்துக்கிட்டிருங்க."

இப்போதெல்லாம் அவன் வேலை முறையே அதுவாம். சத்தம் நிற்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுவது.

கணக்கு வாத்தியாரிடம் சொன்னவன் என்னிடம் சொல்லவில்லை. அக்காவுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பான். அவன் செய்த ஒரே தப்பு அதுதான். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நீங்கள் கேட்பீர்கள்: அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாமே? இன்னும் இருபத்தொரு நாள் எதற்கு?

6

[இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். விட்டுவைக்கிறேன்.]

நானும் செய்து பார்த்தேன். அம்மாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஒன்று. இரண்டு. மூன்றில் மாத்திரை தீர்ந்துபோனது நினைவுக்கு வந்தது. திட்டாமல் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒன்று. இரண்டு. நாலாவதில் தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

"தூங்கறியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. மூச்சப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அம்மா கண்ணை என் பக்கம் திருப்பினாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வார்த்தை வந்தது.

"யாரோடது?"

அன்றைய பத்து வார்த்தையில் அதுவும் ஒன்று. எனக்குப் பொட்டில் அறைந்தது போலிருந்தது. நாலு வருடமாக நான் கவனித்துக்கொண்டிருப்பது இவள் மூச்சைத்தான். அறையைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அடுப்படியில் இருந்தாலும், சிவப்புப் பேனாவோடு இருந்தாலும் காது இங்கேதான். எந்த வகுப்பிலும் சேராமல், எனக்கு மூச்சு என்று ஒன்று இருப்பதையே மறந்துபோகிற அளவுக்குச் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு தினமும் உட்காருகிறேன். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. விரிப்பு மாற்றும் முன் ஒரு மூச்சு விடுகிறேன். அப்போது தெரிகிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று. தாடையைத் தளர்த்திவிட்டு அம்மாவைப் புரட்டுகிறேன். இடுப்பு வலிக்கத்தான் செய்கிறது. அமைதி வரும் என்றார்கள். எனக்கு வந்தது களைப்பு. இத்தனை நாள் அதைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் இருந்திருக்கிறேன்.

ஒருநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் மூச்சு ஒன்று எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். உள்ளே போக இரண்டு நொடி, வெளியே வர இரண்டு. நாலு வருடம் பொறுத்தவள் அன்று அந்த நாலு நொடி பொறுக்கவில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா? அவன் முடியாது என்று சொல்லிவிடுவான் என்பதற்காக மட்டும் அன்று போனை வைக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தேன். இந்த வரியை நான்கு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

7

கீழ்க்கண்டவற்றுள் சரியான முடிவைத் தேர்ந்தெடுக்கவும்.

(அ) தம்பி சரி என்கிறான். வண்டி வருகிறது, அம்மா போகிறாள். நான் இரண்டு நாள் தொடர்ந்து தூங்குகிறேன். மூன்றாம் நாள் காலியான கட்டிலின் முன் நின்று போர்வையைப் பார்க்கிறேன்.

(ஆ) தம்பி முடியாது என்கிறான். இரண்டே அறை, நாலாவது மாடி, இருவருக்கும் வேலை. எல்லாம் நியாயமான காரணம். எனக்குக் குறை சொல்ல ஆள் கிடைத்துவிடும். இது வசதியான முடிவு. இருபத்தொரு நாளாக நான் இதில்தான் குடியிருக்கிறேன்.

(இ) தம்பி சொல்லாமல் கொள்ளாமல் பையோடு வாசலில் வந்து நிற்கிறான். சினிமாவில் நிற்பான்.

(ஈ) யாரும் எதுவும் பேசுவதற்கு முன்பே அம்மா—

இதை எழுதியதும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போர்வை ஏறி இறங்குகிறது. (ஈ)யை நீக்கிவிடவும்.

8

எழுதித் தீர்க்கிற விஷயம் இல்லை இது. மணி நான்கு. அச்சுத்தாள்களின் மேலேயே போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன். இனி நடப்பதை நடக்க நடக்க எழுதுகிறேன்.

மூன்றாவது முறை மணி அடித்ததும் போனை எடுத்தான்.

"அக்கா."

"வேலையா இருக்கியா?"

ஒரு மூச்சு. "முடிஞ்சிடுச்சு. சொல்லு."

முழங்காலைப் பற்றிக் கேட்க வாய் போகிறது. மழையைப் பற்றியும். திட்டாமல் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

"அன்னிக்கி சும்மா கேக்கறேன்னு சொன்னேன்ல. சும்மா கேக்கலடா. எனக்கு முடியல. ரொம்ப நாளாவே முடியல. சொல்லத் தெரியல. அம்மாவ நீ கூட்டிட்டுப் போ. ரெண்டு மாசம்னு கணக்கெல்லாம் சொல்லத் தெரியல. நான் கொஞ்சம் எந்திரிக்கற வரைக்கும்."

குரல் உடைந்துவிட்டது. அவன் அறியாத குரல் அது. எனக்கும் புதிது.

சத்தமில்லை. இப்போது அவன் மூச்சு உள்ளே போகிறது. நீளமாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு.

அது வெளியே வரும்போது கூடவே ஒரு சொல் வரும். எந்தச் சொல் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடி வைக்கப்போகிறேன். எழுதிக்கொண்டே ஒருவன் சொல்வதை ஒழுங்காகக் கேட்க முடியாது.