தரம் பதினொன்றில் குடியிருந்த நாட்கள்

நவம்பர் மழையில் மலை சரிந்து, அக்கரப்பத்தனைப் பக்கம் தனலெட்சுமி குடியிருந்த, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. உயிர் தப்பியவர்களை லொறியில் ஏற்றி, டவுனிலிருந்த கத்தோலிக்க ஆண்கள் பாடசாலையில் இறக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். அவள் மகன் மதுரன் தினமும் பஸ்ஸில் போய்ப் படித்துவந்ததும் அங்கேதான்.

அவர்களுக்குக் கிடைத்த அறை தரம் பதினொன்று. மதுரனின் சொந்த வகுப்பு.

"உன் மேசை எதுடா?" என்று ஆசையாய்க் கேட்டாள். அவன் மேசைகளைச் சுவரோரம் தள்ள ஆரம்பித்தான். அவள் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி ஈரத்துணியைக் காயப்போட்டாள். இடுப்பில் அடிபட்ட புருஷன் சின்னத்தம்பிக்குக் கரும்பலகையின் கீழே பாய் விரித்து, அவன் எழுந்து வெளியே போக முடியாததால் பக்கத்தில் ஒரு வாளியும் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள் நிவாரணப் பொதி கொண்டுவந்தார்கள். எல்லாரும் மதுரனின் கூட்டாளிகள். அவன் நழுவப் பார்த்தான்.

"அப்பாவால நிக்க முடியாதுல்ல, நீ போய் வரிசையில நில்லு" என்று தள்ளிவிட்டது அவள்தான்.

பொதி கொடுத்தவன் பிரதாபன். நகைக்கடைக்காரர் மகன், மதுரனுக்குப் பக்கத்தில் உட்காருபவன். குரலைத் தாழ்த்தி, "மச்சான், ரெண்டா எடுத்துக்கடா" என்றான். கேலியில்லை. கண் கலங்கித்தான் சொன்னான். மதுரன் ஒன்றைக்கூட வாங்காமல் வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

பாடசாலை திறக்கும் நாள் நெருங்கியது. அதிபர் பாதர் வந்து அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். "வகுப்பைக் காலிபண்ணித் தரணும், எனக்கும் வேற வழி தெரியலம்மா. மதுரனோட இடம் அப்படியே இருக்கும். உடுப்பு, புத்தகம் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்."

தோட்டத்தில் அவர்களுக்கு ஒதுக்கியது, தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளைக் காம்பரா. நடுவில் சாக்குக் கட்டி, இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டார்கள்.

பாடசாலை திறந்த அன்று மதுரன் எழுந்திருக்கவில்லை.

"பஸ் போயிரும்டா."

"நான் போகலம்மா."

"ஏன்டா? யாரு என்ன சொன்னாங்க?"

"ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. அப்பாவுக்கு அங்க வாளி வச்சதெல்லாம் பாத்துட்டாங்கம்மா. நான் எப்படிப் போய் அதே வகுப்புல உக்காருவேன்?"

அடுத்த வாரமே அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

பாதர் போன் எடுத்தார். "மதுரனைக் காணோமேம்மா?"

"காய்ச்சல் பாதர். திங்கக்கிழமை வந்துருவான்."

அடுத்த திங்கட்கிழமையும் அதையே சொன்னாள். அதற்கடுத்த முறை, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. யாரென்று பார்த்தாள். எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை கையை நிறுத்தாமல் பறித்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாதர் கூப்பிடவில்லை.