இரைச்சலுக்கு அடியில்

ஹாஜரா உப்பளத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மதுரங்குளிக்கு பஸ் ஏறினாள். அக்காவின் மகன் றஸீன் அங்கே ஃபோன், கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தான். அவள் கொடுத்த கசெட்டில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாகக் காலையில் சொல்லியிருந்தான். உப்பு வாரிய கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்தாள்.

அது அவளுடைய புருசன் ஹயாத்து முகம்மது குவைத்திலிருந்து ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய கசெட். எழுத வராத மனுசன். சொல்ல வேண்டியதைக் கசெட்டில் பேசி அனுப்புவான். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான். கடைசியாக வந்த இதில் சலாம் சொல்லி, கைப்பிள்ளை ஸும்ராவை விசாரித்து, "ஹாஜரா, உன்னோட முக்கியமான ஒரு கதை கதைக்கோணும். ஆரும் இல்லாத நேரமாக் கேளு" என்றான். அதற்குமேல் தகரத்தில் தகரம் தேய்க்கிற மாதிரி ஒரு இரைச்சல். முடியும்வரை அதுதான்.

பிறகு குவைத்தில் சண்டை வந்தது. போனவர்கள் பலர் திரும்பினார்கள். அவனைக் கண்டதாகச் சொன்னவர் இல்லை. அதே ஆண்டு இயக்கத்துக்காரர்கள் ஆயுதத்தோடு வந்து, அவள் ஊரான மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். சோதனையில் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்த ஹாஜரா, கசெட்டைப் பிள்ளையின் மூத்திரத் துணிக்குள் சுருட்டிக் கொண்டுவந்து உப்பளப் பக்கமுள்ள கரைத்தீவில் ஓலைக் கொட்டிலொன்றில் குடியேறினாள். இரைச்சல் எப்படியோ மேலே விழுந்துவிட்டது, அடியில் அவன் கதை இருக்கிறது என்று நம்பினாள். தேய்ந்துவிடுமென்ற பயத்தில் போட்டுக் கேட்பதையும் விட்டாள். புருசனை இழந்தவள் இருக்கும் இத்தா இருக்கவில்லை, இறந்தவருக்கு ஓதும் கத்தம் ஓதவில்லை. மறுமணம் பேசி வந்தவர்களிடம், அந்த மனுசன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்றாள். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் மன்னாருக்குப் போய்ப் பார்த்தாள். அங்கும் அவனைப் பற்றித் தகவலில்லை. வந்த பிறகுதான் கசெட்டை றஸீனிடம் கொடுத்தாள்.

றஸீன் அவள் உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டான். திரையில் நீலமாய்க் கடல், மேலே ஒரு தோணி, அதிலிருந்து கயிற்றில் இறங்கும் விரல்நுனி அளவு மனுசன்.

"சாச்சி, இது கம்ப்யூட்டர் கேம். அந்த நாளில கேமைக் கசெட்டிலதான் பதிஞ்சு வைப்பாங்க. நம்மட காதுக்குத்தான் இரைச்சல்."

பிறகு மூச்சுவிடாமல் விளக்கினான். இந்த விளையாட்டை விலைக்கு விட்டபோது அதில் இருந்தது சுரங்கமும் பொன்னுமாம். கடலையும் முத்தையும் வெளியில் எவரும் கண்டதில்லை. பழைய விளையாட்டுகளைச் சேர்க்கும் ஆட்களுக்கு அனுப்பியதில், விற்பனைக்கு முந்திய பிரதி இது என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். செய்தவனையும் அவர்களே தேடிப்பிடித்தார்களாம், அப்போது குவைத்தில் எஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரன். வீடு துடைக்க வந்த சிலோன்காரரை அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்காரன் சண்டைக்கு முன்னமே லீவில் தன் ஊருக்குப் போனவன், அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாதாம்.

ஹாஜரா எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"அடியில என்ன இருக்கு மகன்?"

"எதுக்கு அடியில?"

"இரைச்சலுக்கு அடியில. அவர்ட கதை."

றஸீனின் கை நின்றது. இவ்வளவு நாளும் சாச்சி எதற்குக் காத்திருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒண்டுமில்ல சாச்சி," என்றான் மெதுவாக. "ஒரு சொல் விழுந்திருந்தாலும் இது ஓடாது. இது முழுசா ஓடுது."

திரையில் அந்தச் சின்ன மனுசன் அடியில் போய் முத்தெடுத்து மேலே வந்தான். ஹாஜரா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருசன் வருகிறேன் என்று சொல்ல இருந்தானோ, வேறொருத்தி இருக்கிறாள் என்று சொல்ல இருந்தானோ. உப்பு வாருகிற வெயிலில் எத்தனையோ விதமாக அவள் சொல்லிப் பார்த்த கதை. அவன் அதைத் தொடங்கவே இல்லை.

"ஆரும் வந்திருப்பாங்க, நிப்பாட்டியிருப்பார்," என்றான் றஸீன்.

அவன் தயங்கித் தயங்கி மற்றதையும் சொன்னான். வெள்ளைக்காரன் அந்தக் கசெட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிரதி பதிந்திருந்தானாம். முதலாவது இந்தக் குரலால் அழிந்துவிட்டது. அது யாருடைய குரல் என்று கேட்டு எழுதியிருக்கிறான்.

"வெள்ளைக்காரன்ட்ட கேக்காமலா கசெட்டை எடுத்தார்?"

"தெரியாது சாச்சி. குப்பையில கிடந்திருக்கும்."

ஹாஜரா முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"எழுது மகன். அது என்ட மாப்பிள்ளைட குரல். தெரியாம அழிச்சிட்டார். மவுத்தான மனுசன், மன்னிச்சு மாப்புத் தரச்சொல்லு."

றஸீன் நிமிர்ந்து பார்த்தான். அவன் இறந்துவிட்டான் என்கிற அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து குடும்பத்தில் ஒருவரும் கேட்டதில்லை. எழுதத் தொடங்கினான்.

"பதில் வந்தா உடன சொல்லு," என்றாள் அவள். "மாப்புக் கிடைச்சதும் கத்தம் ஓதோணும். ஸும்ராவுக்கு நான் சொல்லிக்கொள்றன்."